ப்ளோவரைத் தூக்கினால் ஷாஃப்ட் கடகடக்கிறதா? பனி வேலைக்குப் புதியவர்களுக்கு

போன ஜனவரியில் ஒருநாள் விடிகாலை நாலரைக்கு போன் அடித்தது. அந்த சீசனில்தான் எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பையன். ப்ளோவர் என்பது வண்டியின் முன்னால் மாட்டும், பனியை வாரி எறியும் இயந்திரம்; ஷாஃப்ட் அதற்கு எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு.

"அண்ணா, ஷாஃப்ட் போயிடுச்சு. ப்ளோவரைத் தூக்குனா கடகடன்னு அடிக்குது, இறக்குனா சத்தமே இல்ல. புதுசு ஆர்டர் பண்ணச் சொல்லட்டுமா?"

"எவ்வளவு தூக்குனா அடிக்குது தம்பி?"

"அதை யாருண்ணா பார்த்தா? தூக்குனா அடிக்குது."

அதைப் பார்த்திருந்தால் என் தூக்கம் கெட்டிருக்காது. தூக்கும்போது வரும் சத்தத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அது எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதைத்தான். ஒன்டாரியோவில் பேரி நகரத்தைச் சுற்றிச் சில குளிர்காலங்களாக இந்த வேலை செய்கிறேன். ஷாஃப்ட் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேரின் ஷாஃப்ட்டில் ஒரு குறையும் இல்லை. மீதிப் பாதியிலும் பலருக்குப் பத்து நிமிட வேலைதான்.

இந்தப் பக்கத்துப் பனியைப் பற்றிக் கொஞ்சம். உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோர ஊர்களில் கொட்டுகிறது. ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவுக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். டொராண்டோவில் லேசான தூறல்பனி விழும் நாளில் இங்கே முழங்கால் வரை குவிந்திருக்கும். பிளேடு வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஜனவரி முடிவதற்குள் ஒதுக்கி வைக்க இடம் இருக்காது. பனியை வாரித் தூர எறியும் ப்ளோவர்தான் வேண்டும். கியூபெக்கின் ஆர்தர் சிகார் 1925-இல் உருவாக்கி, 1927-இல் ஊட்ரமோன் நகரத்துக்கு விற்ற இயந்திரத்தின் வாரிசுகள்தான் இவை. நடைபாதை, சின்ன டிரைவ்வே, கட்டடச் சந்துகளுக்குப் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் இரண்டு பேர் உட்காரும் கேபின் வைத்த யூட்டிலிட்டி வண்டியின் முன்னால் ப்ளோவரை மாட்டி ஓட்டுகிறோம்.

ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் ப்ளோவர் உங்களுடையது என்றால் முன்பக்கம் இரண்டு தடித்த ஹோஸ்கள் மட்டும் போகும், ஷாஃப்ட்டே இருக்காது. அவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. எஞ்சினின் சுழற்சியை பி.டி.ஓ. (மாட்டும் கருவிகளுக்குச் சுழற்சி கொடுக்கும் முனை) வழியாக இரும்பு ஷாஃப்ட்டால் ப்ளோவரின் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் வகையைப் பற்றித்தான் பேசுகிறேன். ஊரில் டிராக்டரில் ரொட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. வரப்போரம் திரும்பும்போது ரொட்டவேட்டரைத் தூக்கினால் பின்னால் 'கடகட'வென்று அடிக்குமே, அதே சத்தம்தான் இங்கே முன்னால் வருகிறது.

ஏன் அடிக்கிறது?

ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் உண்டிவில் கவட்டை போல யோக் இருக்கும். அந்தக் கவட்டையையும், எதிரே பி.டி.ஓ. முனையிலோ கியர்பாக்ஸ் முனையிலோ இருக்கும் இன்னொரு கவட்டையையும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ் இணைக்கும். கிராஸின் நான்கு கைகளிலும் ஊசி பேரிங் வைத்த கப் இருக்கும். இதைத்தான் யூ-ஜாயிண்ட் என்கிறோம். இத்தாலியின் கார்டானோ, இங்கிலாந்தின் ஹூக் என்று இரண்டு பேரின் பெயரும் இதற்கு உண்டு. அவ்வளவு பழைய சரக்கு.

இந்த ஜாயிண்டுக்கு ஒரு பிறவிக் குணம் இருக்கிறது. நேராக நிற்கும்வரை ஒழுங்காகச் சுற்றும். வளைந்துவிட்டால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 10 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், யாருக்கும் தெரியாது. 20 பாகையில் 6 சதவீதம். 30 பாகையில் ஒரு பக்கம் 13, இன்னொரு பக்கம் 15 என்று எகிறிவிடும். வளைவு இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. இதனால்தான் "கொஞ்சம்தானே கூடத் தூக்கினேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சுற்றுக்கு இரண்டு வீதம் நொடிக்கு 18 குலுக்கல். எதிரே, பனியை வெட்டி வாரும் ஆகரும் அதை வெளியே வீசும் இம்பெல்லரும் கனமான இரும்பு. அவை வேகத்தை மாற்ற மறுக்கும், ஷாஃப்ட் மாற்றச் சொல்லும். இந்த இழுபறியில் கியர் பற்களுக்கு இடையிலும் ஷாஃப்ட் முனையின் பல்வரியான ஸ்ப்லைனிலும் இருக்கும் மயிரிழை இடைவெளி முன்னும் பின்னும் தட்டுப்படுகிறது. அந்தத் தட்டல்தான் கடகட.

இறக்கினால் ஏன் சத்தம் இல்லை? வளைவு குறைவது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பனியை வெட்டும்போது பாரம் எல்லாப் பற்களையும் ஒரே பக்கம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தூக்கியதும் ஆகர் வெறும் காற்றில் சுற்றுகிறது, பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. காலி லாரி குழியில் இறங்கினால் டமடமவென்று அடிப்பதும் சுமையோடு போனால் அமைதியாகப் போவதும் போலத்தான்.

சரி, அப்படியென்றால் ஜாயிண்டே இல்லாமல் செய்திருக்கலாமே என்றால், முன்பக்கம் ஏறி இறங்க வேண்டுமே. அதற்குத்தான் இரண்டு ஜாயிண்ட். இரண்டிலும் வளைவு சமமாக இருந்தால், முதல் ஜாயிண்ட் செய்த குளறுபடியை இரண்டாவது நேர் எதிராகச் செய்து அழித்துவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரண்டு வளைவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், நடு ஷாஃப்ட்டின் இரு முனைக் கவட்டைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். தூக்கும்போது பெரும்பாலும் உடைவது முதல் நிபந்தனை. தூக்கும் கைகள் வண்டியில் ஓரிடத்தில் முளையடித்து வட்டமாக மேலே போவதால் ப்ளோவரின் மூக்கும் மேலே பார்க்க ஆரம்பிக்கிறது. பின் ஜாயிண்ட் (பி.டி.ஓ. பக்கம் இருப்பது) அதிகம் வளைகிறது, முன் ஜாயிண்ட் நிமிர்கிறது, கணக்கு சரிவருவதில்லை.

கை வைப்பதற்கு முன்னால்

ப்ளோவரைத் தரையில் இறக்குங்கள். பி.டி.ஓ.வை அணையுங்கள், எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். பார்க்கிங் பிரேக். இம்பெல்லர் கனமானது, அணைத்த பிறகும் சில நொடிகள் சுற்றும். முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேபினிலிருந்து இறங்க வேண்டும்.

75 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஷாஃப்ட் 540 சுற்றில் ஓடினால் நொடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டும். குளிருக்குக் கழுத்தில் சுற்றியிருக்கும் மஃப்ளரின் தொங்கும் முனை அரை மீட்டர் இருக்குமா? கால் நொடி. கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். மஃப்ளர், ஜாக்கெட்டின் தொங்கு கயிறு, தளர்ந்த கையுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவசம் உடைந்திருந்தால், சத்தத்தை விடுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று. தூக்கி வைத்த ப்ளோவருக்குக் கீழே ஹைட்ராலிக்கை நம்பித் தலையை நுழைக்காதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு அப்படியே இறங்கும். தடித்த மரக்கட்டைகளை இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள். செங்கல், சிமெண்ட் கல் வேண்டாம், அவை நொறுங்கும்.

முதலில் காதுக்கு வேலை

தூக்கும் கையின் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். தரையில் இருக்கும் நிலை, ஒரு சாண் தூக்கிய நிலை, முழுக்கத் தூக்கிய நிலை என்று மூன்று கோடு போடுங்கள். கேபினில் உட்கார்ந்தபடி கோடு தெரிய வேண்டும்.

பி.டி.ஓ.வை அணைத்தே வைத்துக்கொண்டு ப்ளோவரைத் தரையிலிருந்து உச்சி வரை தூக்குங்கள். இப்போதே சத்தம் வருகிறதா? அப்படியானால் ஷாஃப்ட் சுற்றவே இல்லை, அதைக் குற்றம் சொல்ல வழியில்லை. உச்சிக்குப் போனதும் 'ஊஊ' என்று முனகினால் சிலிண்டர் கடைசி முனையைத் தொட்டு, அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை விடும் ரிலீஃப் வால்வு திறக்கிறது. லீவரை விட்டால் நின்றுவிடும், நோய் அல்ல. பாதியில் 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால் முளைகளிலும் புஷ்களிலும் ஆட்டம் இருக்கிறது. 'கிறீச்' என்றால் முளை காய்ந்திருக்கிறது, கிரீஸ் போதும்.

சத்தம் இல்லையென்றால் பி.டி.ஓ.வைப் போட்டு, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்து, மெதுவாகத் தூக்குங்கள். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, பனி வெளியே பறக்கும் குழாயான ஷூட்டின் வாய் யார் ஜன்னலையும் பார்க்கக் கூடாது. சத்தம் தொடங்கும் இடத்தை டேப்பில் குறியுங்கள்.

இனி அந்தக் குறி பேசும். தரையிலேயே இருந்து, தூக்கத் தூக்கக் கூடினால் கிராஸோ, நீள ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அல்லது கவட்டைகள் தளம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. தரையில் சுத்தமாக இருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மட்டும் தொடங்கினால் வளைவு. ஏதோ ஓர் உயரத்தில் திடீரென்று 'டக்டக்டக்' என்று இரும்பு இரும்பில் அடிப்பது போல வந்தால் ஷாஃப்ட் எதையோ தொடுகிறது. பிரேமையோ கவசத்தின் சங்கிலியையோ இருக்கலாம், அல்லது கவட்டைகள் ஒன்றோடு ஒன்று இடிக்கும் அளவுக்கு வளைந்துவிட்டது. இந்தக் கடைசி வகையில் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள்.

தூக்கும் நேரத்தில் மட்டும் 'கீச்ச்' என்று இழுத்து, தூக்கி முடித்ததும் சத்தம் நின்றுவிடுகிறதா? மின்காந்த கிளட்ச் வைத்த பி.டி.ஓ.வும் மின்மோட்டாரில் ஓடும் ஹைட்ராலிக் பம்பும் உள்ள வண்டிகளில் இது ஒரு வேடிக்கை. பம்பு மோட்டார் ஏகப்பட்ட கரண்டை இழுக்கும். குளிரில் தளர்ந்துபோன பேட்டரியின் வோல்ட் அந்த நேரத்தில் விழும், கிளட்சின் பிடி தளர்ந்து வழுக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டி நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தூக்கும்போது கிளட்ச் ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்ட் தொபுக்கென்று விழுந்தால் பேட்டரி, எர்த் கேபிள், டெர்மினல். உப்புத் தண்ணீர் குடித்த டெர்மினல்கள் இந்த ஊரில் சகஜம்.

அப்புறம் கைக்கு

இப்போது மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ப்ளோவர் தரையில் இருக்க, கவசத்தை ஒதுக்கி ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

கிராஸிலிருந்து தொடங்குங்கள். ஜாயிண்டின் இரு பக்கத்தையும் இரு கைகளால் பிடித்து ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் முறுக்குங்கள். கண் கப் மேல் இருக்கட்டும். கப்புக்கும் கவட்டைக்கும் நடுவே, அல்லது கப்புக்குள் கிராஸின் கைக்கு, துளி அசைவு தெரிந்தாலும் கிராஸ் முடிந்தது. ஸ்ப்லைனிலும் கியர்பாக்ஸிலும் கொஞ்சம் ஆட்டம் இயல்பாகவே இருக்கும், அதைக் கிராஸின் ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கப்பின் ஓரத்தில் செம்பழுப்பாகக் குங்குமம் சிந்தியது போலத் தூள் ஒட்டியிருக்கிறதா? உள்ளே தண்ணீர் போய் ஊசிகள் துருப்பிடித்து அரைபடுகின்றன. முறுக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து கவட்டைகளின் தளம். நடு ஷாஃப்ட் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். சில வகை ஷாஃப்ட்டுகளைத் தப்பான நிலையிலும் மாட்ட முடியும். ஷாஃப்ட்டின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து பாருங்கள். நடு ஷாஃப்ட்டோடு சேர்ந்த இரு கவட்டைகளின் காதுகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால், அழிக்க வேண்டிய குளறுபடியை இரண்டாவது ஜாயிண்ட் இரண்டு மடங்காக்கிக்கொண்டிருக்கிறது. உருவி, திருப்பி, மாட்டுங்கள். காசு செலவில்லை. கோடையில் யாராவது கிரீஸ் போடக் கழற்றியிருந்தால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அப்படியே அந்தச் சறுக்குக் குழாய்களையும் பாருங்கள். ப்ளோவர் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் மாறுகிறது, அதற்காகத்தான் சறுக்கல். இங்கே குளிர் ஒரு வேலை காட்டும். நேற்று மாலை உருகிய பனி குழாய்களுக்கு நடுவே இறங்கியிருக்கும், ராத்திரி மைனஸ் 20-இல் அது கட்டியாகிவிடும். காலையில் முதல் தடவை தூக்கும்போது குழாய் சறுக்காமல் முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு 'டமார்' என்று விடும். அந்த முட்டலின் முழு வேகத்தையும் பி.டி.ஓ. பேரிங்கும் கியர்பாக்ஸ் பேரிங்கும் வாங்கிக்கொள்கின்றன. குழாயைப் பிரித்து, துடைத்து, பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். அதோடு தினமும் காலையில் பி.டி.ஓ.வைப் போடாமல் ஒருமுறை மெதுவாகத் தூக்கி இறக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குழாயின் நீளமும் முக்கியம். ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் நிலையில்கூட உள்ளே 25 மில்லிமீட்டராவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். மிகவும் நீளும் நிலையில் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் அதிகமென்றால் உள்குழாய், வெளிக்குழாய், அவற்றின் பிளாஸ்டிக் கவசங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் நன்றாக ராவ வேண்டும். குறைவென்றால் வேறு ஷாஃப்ட்தான், ஒட்டுப்போடாதீர்கள்.

மிச்சத்தைச் சட்டென்று பார்த்துவிடலாம். இரு முனைகளிலும் லாக் பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஷாஃப்ட்டை இழுத்துப் பாருங்கள். வண்டிக்கு அடியில் நீள ஷாஃப்ட் போனால் அதைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஷியர் போல்ட் பாதி அறுந்து தொங்குகிறதா? அந்த போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்த கடினமான போல்ட்டைப் போடாதீர்கள். ஐஸ் கட்டியோ கல்லோ மாட்டினால் முறியத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது முறியாவிட்டால் கியர்பாக்ஸ் முறியும். இம்பெல்லர் இறக்கையில் ஒரு பக்கம் ஐஸ் அப்பியிருந்தாலும் வண்டியே நடுங்கும். அதைக் கட்டையால் தட்டி எடுங்கள், கையை விடாதீர்கள்.

கிராஸ் மாற்றுவதென்றால்

கடைக்குப் பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோங்கள். கப்பின் விட்டமும் ஒரு கப் முனையிலிருந்து எதிர்க் கப் முனை வரை நீளமும்தான் அளவு. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் நாலைந்து வகை உண்டு. வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினால் இரண்டாவது தடவை கடைக்குப் போக வேண்டிவரும்.

லாக் வளையத்தைக் கழற்றி, வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். சுத்தியலால் அடிக்கலாம்தான், ஆனால் கவட்டையின் காது விரிந்துவிட்டால் பிறகு எந்தக் கிராஸும் நிற்காது. புதுக் கப்பை ஏற்றும்போது கிரீஸ்தான் ஊசிகளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஏற்றும் அவசரத்தில் ஒரே ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்துவிட்டால் கப் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாது, லாக் வளையம் பள்ளத்தில் உட்காராது. அப்போது இன்னும் பலமாக அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். திரும்ப எடுங்கள், ஊசியை நிமிர்த்துங்கள், மறுபடி போடுங்கள். என் முதல் கிராஸில் நான் அழுத்தினேன். அந்த ஊசி மூன்று துண்டாக வெளியே வந்தது, கப்பும் போச்சு.

மாட்டியதும் ஜாயிண்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். சொந்த எடையில் தொளதொளவென்று தொங்கவும் கூடாது, கையால் மடக்க முடியாமல் விறைக்கவும் கூடாது. விறைத்தால் கவட்டையின் காதில் ஒரு சின்னத் தட்டு போதும், கப் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்துவிடும். நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்த ஒன்று பட்டினி கிடக்கிறது என்று பொருள். வேலை நாட்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிப்பது நல்லது. கடும் குளிரில் வழக்கமான என்.எல்.ஜி.ஐ. 2 (கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். குளிருக்கென்று வரும் சின்தெடிக் கிரீஸ் கொஞ்சம் விலை கூட, ஆனால் கிரீஸ் கன்னை அழுத்த முடியாமல் விடிகாலையில் திண்டாட வேண்டியிருக்காது.

எல்லாம் சரி, ஆனாலும் அடிக்கிறது

அப்போது வளைவை அளக்கலாம். செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப் போதும். வண்டி சமதரையில், அதன் சொந்தச் சக்கரங்களில், ப்ளோவர் மாட்டியபடி நிற்கட்டும். ஜாக்கியில் ஏற்றி அளந்தால் தப்பு. இந்த வண்டிகளுக்கு ஸ்பிரிங் உண்டு, ப்ளோவரைத் தூக்கினால் அந்த எடையில் மூக்கு அமுங்கும், பி.டி.ஓ. முனையும் சாயும். டயரில் காற்று குறைந்திருந்தால் இன்னும் மோசம், அதை முதலில் நிரப்புங்கள்.

ஒவ்வொரு உயரத்திலும் மூன்று சாய்வை எடுங்கள்: பி.டி.ஓ. முனை, நடு ஷாஃப்ட், ப்ளோவர் கியர்பாக்ஸின் முனை. பக்கத்துப் பக்கத்து இரண்டைக் கழித்தால் ஜாயிண்டின் வளைவு. ஒன்று மேல் நோக்கியும் மற்றது கீழ் நோக்கியும் சாய்ந்திருந்தால் கூட்ட வேண்டும். எஞ்சின் அணைந்து, கட்டைகள் அண்டை கொடுத்த பிறகுதான் போனை உள்ளே நீட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

நாலரைக்கு போன் செய்த பையனின் வண்டியில் அன்று மத்தியானம் எடுத்த அளவு இது. தரையில் பின் ஜாயிண்ட் 7 பாகை, முன் ஜாயிண்ட் 7. ஒரு சாண் தூக்கினால் 8, 1. சமமில்லைதான், ஆனால் 8 பாகையில் ஏற்ற இறக்கம் ஒரு சதவீதம்தான், காதுக்கே எட்டாது. உச்சியில் 24, 9. பின் ஜாயிண்ட் 9 சதவீதத்துக்கு மேல் ஆட்டிவைக்கிறது, முன் ஜாயிண்டால் அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் அழிக்க முடிகிறது. கிராஸ் கல்லு மாதிரி இருந்தது. கவட்டைகள் ஒரே கோட்டில். குழாயில் கிரீஸ் மட்டும் காய்ந்திருந்தது. புது ஷாஃப்ட் வாங்கியிருந்தால் அதுவும் மறுநாள் காலை அதே பாட்டைத்தான் பாடியிருக்கும்.

சாதாரண யூ-ஜாயிண்ட் 15 பாகைக்குள் நிம்மதியாக ஓடும். 25-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓட்டக் கூடாது. 45-ஐ நெருங்கினால் கவட்டைகளே இடிக்கும். இது பொதுக்கணக்கு. உங்கள் ஷாஃப்ட்டின் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் சட்டம்.

வளைவுதான் காரணம் என்று தெரிந்தால் செய்யக்கூடியவை குறைவு. மட்டமாக ஏறும்படி இணைகரக் கைகள் வைத்த மவுண்ட் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் நல்லது, ப்ளோவரின் மூக்கு நிமிராது. ஒரு முனையில் இரட்டை ஜாயிண்ட் வைத்த சி.வி. ஷாஃப்ட் அந்த முனையின் வேகத்தைச் சீராக வைத்துக்கொண்டே அதிக வளைவைத் தாங்கும். ஆனால் நீளம் கூட, விலையும் கூட, யூட்டிலிட்டி வண்டியின் மூக்கில் எல்லா இடத்திலும் அடங்காது. மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம்: சுற்றிக்கொண்டிருக்கும்போது தூக்காதீர்கள்.

அதாவது ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது ஒரு சாண் தூக்கினால் போதும். சாலையில் பனி தள்ளும் வண்டி டிரைவ்வே வாயில் ஒதுக்கிவிட்டுப் போன மேட்டைத் தாண்டவோ இடம் மாறவோ உயரமாகத் தூக்க வேண்டுமென்றால், ஷூட்டில் இருக்கும் பனி வெளியேற இரண்டு நொடி கொடுத்து, பி.டி.ஓ.வை அணைத்து, பிறகு தூக்குங்கள். அந்த இரண்டு நொடியைக் கொடுக்காவிட்டால் ஈரப்பனி ஷூட்டிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். அது வேறு தலைவலி.

புதியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம், மூன்றாவது ராத்திரியில் மறந்துவிடுவார்கள். நானும் மறந்திருக்கிறேன். மைனஸ் 25-இல், தூக்கக் கலக்கத்தில், கை லீவரைக் கடைசி வரை இழுக்கத்தான் செய்யும். பையனின் வண்டியில் தூக்கும் சிலிண்டரின் தண்டில் இரண்டாகப் பிளந்து மாட்டும் காலர் ஒன்றைப் பூட்டினோம். ஒரு சாணுக்கு மேல் ப்ளோவர் ஏறாது. டிரெய்லரில் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்ற வேண்டும், ஒரு ஆலன் கீ போதும். அவன் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஆலன் கீயை பி.டி.ஓ. சுவிட்சிலேயே கயிறு போட்டுக் கட்டிவைத்தான். கீயை எடுக்கக் கை போகும்போது சுவிட்ச் கண்ணில் படட்டும் என்றான். அந்த யோசனை எனக்கு வரவில்லை. இப்போது என் வண்டியிலும் அப்படித்தான் தொங்குகிறது.